நாலு செமஸ்டர் முடிந்துவிட்டது: எலெக்டிவ் எதை எடுப்பது, மைனர் போடலாமா?

பொருநைக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். தென் மாவட்டத்தில், அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். 2021 ரெகுலேஷன் (பல்கலைக்கழகத்தின் பாட, தேர்வு விதிகள்). நாலாவது செமஸ்டர் ரிசல்ட் இப்போதுதான் வந்தது. சிஜிபிஏ (10-க்கு மொத்த கிரேடு சராசரி) 7.6. மூன்றாவது செமஸ்டர் டிஸ்க்ரீட் மேத்ஸ் அரியர், ஏப்ரல்–மே தேர்வில் மறுபடி எழுதியும் வரவில்லை.

அடுத்த வாரம் ஐந்தாவது செமஸ்டருக்கு எலெக்டிவ் (விருப்பப் பாடம்) படிவம் நிரப்பித் தர வேண்டும். டேட்டா சயின்ஸ், ஃபுல் ஸ்டாக், கிளவுட், சைபர் செக்யூரிட்டி என்று வெர்டிகல் வெர்டிகலாக, அதாவது தலைப்பு வாரியாகப் பிரித்து, ஒரு அட்டவணை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதில் எல்லாமும் எங்கள் கல்லூரியில் நடத்துவதில்லை, போதுமான பேர் சேர்ந்தால்தான் நடக்குமாம். சீனியர்கள் மார்க் எளிதாக வரும் பேப்பரை எடு என்கிறார்கள். அட்வைசர் சாரிடம் கேட்டால் உனக்கு எதில் விருப்பமோ அதை எடு என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு வகுப்புகளும் அதிகம்.

எனக்கு விருப்பம் எது என்பதே பிடிபடவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அப்பா அரசு வேலைக்குப் படி என்கிறார். எனக்கு கேட் (எம்.டெக் சேர்க்கைக்கான தேசிய அளவுத் தேர்வு) எழுதி எம்.டெக் போகலாம் என்றும் ஒரு ஆசை. கேம்பஸில் வேலை கிடைத்தால் வீட்டுக் கடன் குறையும் என்பதும் உண்மை. இதற்கு நடுவில் பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷனில் மைனர் (வேறு துறைப் பாடங்களைக் கூடுதலாகப் படித்து வாங்கும் தகுதி) போட்டால் டிஎன்பிஎஸ்சிக்கு உதவும் என்று ஒரு நண்பன் சொல்கிறான். வெளியே ஒரு பயிற்சி மையம் டேட்டா சயின்ஸ் கோர்ஸுக்கு பெரிய தொகை கேட்கிறது, தவணையில் கட்டலாம் என்கிறார்கள்.

எதை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள். அண்ணன்மார், அக்காமார், ஆசிரியர்கள் யார் சொன்னாலும் சரி.

வைகைப்புயல்

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். டிஸ்க்ரீட் ரிசல்ட் இப்போதுதான் வந்தது என்றால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதியை இன்றே பாருங்கள். நகல் வாங்கி, அந்தப் பாடம் எடுக்கும் ஆசிரியர் ஒருவரிடம் காட்டி, மார்க் கூட வாய்ப்பிருக்கிறது என்று அவர் சொன்னால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குப் போங்கள். நகல் வாங்காமல் மறுமதிப்பீடு கேட்க முடியாது. ஒருவேளை மார்க் கூடவில்லை என்றாலும், எந்த இடத்தில் மார்க் போனது என்று அந்தத் தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும், நவம்பர் தேர்வுக்கு அது பெரிய உதவி.

கரும்பலகை

நான் இணைப்புக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், மாணவர் ஆலோசகர் பொறுப்பும் உண்டு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

எலெக்டிவ் எதை எடுப்பது என்பது உங்கள் முதல் கேள்வி இல்லை. இன்னும் நாலு செமஸ்டரில் எந்த மாதம் எது வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. ரெகுலேஷன் பிடிஎஃப், உங்கள் துறையின் கரிகுலம் பிடிஎஃப் இரண்டும் பல்கலைக்கழகத் தளத்தில் கிடைக்கும். இரண்டையும் இறக்கி வைத்துக்கொண்டு ஒரு பெரிய தாளில் நாலு கட்டம் போடுங்கள். உங்கள் கல்லூரி தன்னாட்சியாக இருந்திருந்தால் அவர்களுடைய சொந்த ரெகுலேஷனைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். உங்களுக்குப் பல்கலைக்கழகத்தினுடையதுதான். அதேபோல உங்களுக்குப் பின்னால் சேர்ந்த தம்பி தங்கைகளுக்கு விதி மாறியிருக்கலாம், அவர்கள் இதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

கட்டம் போட்டால் உங்களுக்கே ஒன்று தெரியும். ஐந்தாவதில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ், கம்பைலர் டிசைன், கிரிப்டோகிராஃபி, டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங், அவற்றோடு இரண்டு எலெக்டிவ். ஆறாவதில் நாலு எலெக்டிவ், ஒரு ஓப்பன் எலெக்டிவ் (பிற துறைப் பாடம்), சாஃப்ட்வேர் இன்ஜினியரிங், எம்பெடட் சிஸ்டம்ஸ் ஐஓடி. இதுதான் கனமான செமஸ்டர். ஏழாவதில் துறைசார்ந்த கட்டாயப் பாடமே இல்லை, மனித மாண்புகள், ஒரு மேனேஜ்மென்ட் பாடம், மூன்று ஓப்பன் எலெக்டிவ், கோடை இன்டர்ன்ஷிப், அவ்வளவுதான். எட்டாவது முழுக்க ப்ராஜெக்ட், 10 கிரெடிட் (பாடத்தின் கனத்தைக் காட்டும் அலகு).

இதில் கேட் எங்கே பொருந்துகிறது பாருங்கள். கேட் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளில் வரும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம்ஸ், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், ஆபரேட்டிங் சிஸ்டம், டிபிஎம்எஸ், டிஜிட்டல், கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன் எல்லாம் நீங்கள் ஏற்கெனவே படித்தவை. பாக்கி நெட்வொர்க்ஸும் கம்பைலரும்தான், அவையும் ஐந்தாவதில் முடிகின்றன. அதாவது மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில் தேர்வு வரும்போது பாடத்திட்டத்தில் பெரும்பகுதி முடிந்திருக்கும். மூன்றாம் ஆண்டிலேயே எழுத அனுமதியும் உண்டு, மதிப்பெண் ரிசல்ட் தேதியிலிருந்து 3 ஆண்டு செல்லும். அதனால் மூன்றாம் ஆண்டில் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு, இலகுவான ஏழாவது செமஸ்டர் முழுக்கத் தயாராகி, நாலாம் ஆண்டில் மறுபடி எழுதலாம். இந்த ஏழாவது செமஸ்டரை வீணாக்கும் பிள்ளைகள்தான் அதிகம், எனக்கு அது பெரிய வருத்தம்.

அடுத்து அரியர். டிஸ்க்ரீட்டை ஏதோ ஒரு மேத்ஸ் பேப்பர் என்று ஒதுக்காதீர்கள். கேட்டில் 100-க்கு 13 மதிப்பெண் பொறியியல் கணிதம், அதில் டிஸ்க்ரீட் முக்கியமான பங்கு. தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷனுக்கும் அடித்தளம் அதுதான். அதோடு உங்கள் 7.6 இன்னும் முழுமையான 7.6 இல்லை, பாஸாகாத பாடம் கணக்கில் சேராது. இதுவரை பாஸானது 86 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம் (சரியான எண்ணை உங்கள் மார்க் ஷீட்டைக் கூட்டிப் பாருங்கள்). 4 கிரெடிட் டிஸ்க்ரீட்டை சி கிரேடில், அதாவது 5 புள்ளியில் பாஸானால் சிஜிபிஏ 7.48 ஆகிவிடும். பி கிரேட் வாங்கினால் 7.53, பி ப்ளஸ் வாங்கினால் 7.57. பாஸானால் போதும் என்று படிப்பதற்கும் ஒழுங்காகப் படிப்பதற்கும் நடுவில் 7.5 என்ற கோடு நிற்கிறது.

அந்தக் கோடு ஏன் முக்கியம் என்றால், ஆனர்ஸ் (சொந்தத் துறையில் கூடுதல் பாடம் படித்து வாங்குவது), மைனர் இரண்டுக்கும் 7.5 வேண்டும். கூடுதலாக 18 கிரெடிட், அதாவது ஆறு பேப்பர் அளவுக்குப் படிக்க வேண்டும். ஆனர்ஸுக்கு எல்லாப் பாடமும் முதல் முயற்சியிலேயே பாஸாகியிருக்க வேண்டும், அதனால் அது உங்களுக்கு இல்லை. மைனர் பற்றிய பிரிவை ரெகுலேஷனில் நீங்களே வரிவரியாகப் படியுங்கள், அரியர் பற்றி அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அட்வைசரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டியே கேளுங்கள். என் கருத்து, கையில் அரியரோடு இருப்பவர் ஆறு கூடுதல் பேப்பரை இழுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆறாவது செமஸ்டர் ஏற்கெனவே நிறைந்து இருக்கிறது.

இனி எலெக்டிவ். வெர்டிகல் என்றால் ஒரே செங்குத்து வரிசையில்தான் எல்லாம் எடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி விதி இல்லை, கலந்தும் எடுக்கலாம். ஆனால் அட்டவணையில் படுக்கை வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பாடங்களை ஒரே செமஸ்டரில் எடுக்க முடியாது. ஒன்றை ஐந்தாவதிலும் மற்றதை ஆறாவதிலும் எடுக்கலாம். இதைக் கவனிக்காமல் படிவம் நிரப்பிவிட்டுக் கடைசி நாளில் கிடைத்ததில் போய் உட்காரும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். ஆறு இடத்துக்கும் இப்போதே பென்சிலால் பெயர் எழுதிவிடுங்கள், அப்புறம் மாற்றினாலும் பரவாயில்லை.

போதுமான பேர் இல்லை என்று நடத்தாமல் விடும் பாடம் வேண்டுமென்றால், படிவம் கொடுக்கும் முன்பே வகுப்பில் யார் யாருக்கு விருப்பம் என்று பெயர் எழுதி வாங்கி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு துறைத்தலைவரிடம் கொடுங்கள். ஒருத்தராகப் போய்க் கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அதுவும் நடக்கவில்லை என்றால் ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையக் கல்வித் தளத்தில் ஐஐடிகளின் என்பிடெல் நடத்தும் 12 வாரப் பாடத்தை எலெக்டிவுக்குப் பதிலாக எடுக்க ரெகுலேஷனில் வழி இருக்கிறது. முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், முடித்துவிட்டு வந்து கேட்டால் செல்லாது.

கடைசியாக அட்வைசரைப் பற்றி. நான் அந்த நாற்காலியில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன், "சார் எதை எடுக்கட்டும்" என்று கேட்டால் யாராலும் உருப்படியான பதில் சொல்ல முடியாது. நிரப்பிய நாலு கட்டத்தோடு போய், "இந்த ஆறையும் இந்த வரிசையில் எடுக்க நினைக்கிறேன், இதில் எது நம் துறையில் நடக்காது, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறார்" என்று கேளுங்கள். பத்து நிமிடத்தில் பதில் கிடைக்கும். படிவம் கொடுக்கும் நாளில் போகாதீர்கள், அதற்கு முந்தைய வாரம் போங்கள்.

செம்பருத்தி

தம்பி, நான் குரூப் 2 எழுதி அரசுப் பணியில் இருக்கிறேன், நானும் இன்ஜினியரிங்தான். மைனர் பற்றி உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன் வெர்டிகலில் அரசியலமைப்பு, இந்திய நிர்வாக அமைப்பு, பொதுக் கொள்கை எல்லாம் வரும், டிஎன்பிஎஸ்சி பொது அறிவுப் பகுதிக்கு அந்தப் படிப்பு உதவும். ஆனால் சான்றிதழில் மைனர் என்று இருப்பதற்காக டிஎன்பிஎஸ்சி ஒரு மதிப்பெண்கூடத் தராது. யுபிஎஸ்சி மெயின்ஸில்தான் பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன் விருப்பப் பாடமாக இருக்கிறது, இரண்டு தாள், 500 மதிப்பெண். அந்த முடிவோடு இருப்பவருக்கு மைனர் பொருந்தும். மற்றவர்கள் அரசியலமைப்பைப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் தொடங்கிப் படித்தாலே போதும்.

அப்பாவுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டுமே, அதற்கு ஒரு வழி சொல்கிறேன். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புதான் தகுதி, படிக்கும்போதே எழுதலாம். 200 கேள்வி, அதில் 100 தமிழ். நம் பிள்ளைகள் இன்ஜினியரிங்கில் சேர்ந்ததும் தமிழைத் தொடுவதே இல்லை, அங்கேதான் மார்க் போகிறது. தினமும் அரை மணி நேரம் ஆறாம் வகுப்பு முதல் தமிழ்ப் புத்தகம் படியுங்கள், அது குரூப் 2, குரூப் 1 வரைக்கும் கூட வரும், தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். டிகிரி முடித்தபின் யுபிஎஸ்சி என்று முடிவானால் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் தேர்வு வைத்து 1000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் தருகிறார்கள், அதையும் நினைவில் வையுங்கள்.

அந்தப் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டாதீர்கள். கடன் இருக்கும் வீட்டில் இன்னொரு தவணையா? டேட்டா சயின்ஸ் உங்கள் எலெக்டிவ் அட்டவணையிலேயே இருக்கிறது, நான் முதல்வனில் இருக்கிறது, என்பிடெல்லில் படிப்பது இலவசம், தேர்வு எழுதினால் மட்டும்தான் கட்டணம். இவ்வளவையும் படித்து முடித்தபின் இன்னும் ஏதாவது தேவை என்று தோன்றினால் அப்போது யோசிக்கலாம்.

ரைன்நதி

உங்கள் கேள்வியில் இது இல்லை, ஆனாலும் யாரும் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது என்று எழுதுகிறேன். ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை மட்டும், மாதம் ஓர் அளவுக்கு மேல் எடுக்க முடியாத முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும் (அதுவே பெரிய தொகைதான்). இங்கே அட்மிஷன் கமிட்டி கல்லூரியின் பெயரைவிட நீங்கள் என்னென்ன பாடம் எத்தனை கிரெடிட் படித்தீர்கள் என்றுதான் பார்க்கிறது. கணிதம் இவ்வளவு, தியரி இவ்வளவு என்று கேட்பார்கள், டிஸ்க்ரீட்டும் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷனும் அங்கே நேரடியாக எண்ணப்படும். மார்க் எளிதாக வரும் என்று துண்டு துண்டாக எடுத்த எலெக்டிவ் அங்கே உதவாது, ஒரே திசையில் மூன்று பாடம் இருந்தால் மோட்டிவேஷன் லெட்டரில் எழுத விஷயம் இருக்கும்.

கிரேடை அவர்கள் மாற்றும் கணக்கில் 10-க்கு 7.5 என்றால் ஜெர்மன் கிரேடு 2.5, 8 என்றால் 2.2 (அங்கே எண் குறையக் குறைய நல்லது). பல இடங்களில் 2.5 தான் எல்லை. அதனால் கரும்பலகை சார் சொன்ன 7.5 கோடு இங்கேயும் வருகிறது. உங்கள் ரெகுலேஷனின் சிலபஸ் பிடிஎஃப்-ஐ இப்போதே சேமித்து வையுங்கள், பின்னால் பாட விவரம் கேட்கும்போது தேட வேண்டியிருக்காது.

பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. நகலுக்கு விண்ணப்பித்துவிட்டேன். தாளில் கட்டம் போட்டும் பார்த்தேன், ஏழாவது செமஸ்டர் அவ்வளவு காலியாக இருக்கும் என்று யாரும் இதுவரை சொன்னதில்லை.

மைனர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். கேட், கேம்பஸ் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன், தமிழ் மட்டும் தினமும் படிக்கிறேன், குரூப் 4 அறிவிப்பு வந்தால் எழுதுகிறேன். ஒரு சந்தேகம்: இரண்டு எலெக்டிவ் டேட்டா சயின்ஸிலிருந்தும் இரண்டு கிளவுடிலிருந்தும் எடுத்து, மற்ற இரண்டை அப்புறம் பார்க்கலாமா? அப்புறம் இனிமேல் நன்றாகப் படித்தால் 8.5 வருமா? டிஸ்டிங்ஷன் வாங்க ஆசை.

கரும்பலகை

டிஸ்டிங்ஷனுக்கு 8.5-ஓடு எல்லாம் முதல் முயற்சியில் பாஸாகியிருக்க வேண்டும், அதனால் அதை விட்டுவிடுங்கள். 8.5-ம் கணக்குப்படி வராது. தோராயமாக 90 கிரெடிட்டில் 7.6, மீதி 70 கிரெடிட்டில் 8.5 எடுத்தாலும் முடிவில் 7.99 தான் வரும். ஆனால் அந்த 7.99 மிக நல்ல எண். எட்டாவது செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் 10 கிரெடிட், மூன்று பேப்பருக்கு மேல் கனம். ப்ராஜெக்ட் குழுவை நட்புக்காகச் சேர்க்காமல், வேலை செய்யும் ஆட்களாகப் பார்த்து ஆறாவது செமஸ்டர் முடியும் முன்பே பேசி வையுங்கள். எட்டைத் தாண்ட வைப்பது அதுதான்.

எலெக்டிவ் இரண்டு இரண்டாக எடுப்பது சரி. டேட்டா சயின்ஸை ஐந்தாவதில் தொடங்குங்கள், அப்போதுதான் ஐந்தாவது முடிந்த விடுமுறையில் அதை வைத்துச் சின்னதாக ஒரு ப்ராஜெக்ட் செய்து ரெஸ்யூமில் போட முடியும். கேம்பஸ் பட்டியல் ஆறாவது செமஸ்டர் முடிவிலேயே தயாராகிவிடும், ஸ்டாண்டிங் அரியர் (இன்னும் பாஸாகாமல் நிற்கும் பாடம்) இருந்தால் பல கம்பெனிகளின் பட்டியலில் பெயரே வராது. நவம்பரில் டிஸ்க்ரீட் போனால்தான் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

வைகைப்புயல்

டிஸ்க்ரீட்டுக்குக் கடைசி ஐந்து வருடக் கேள்வித்தாளை எடுத்து யூனிட் யூனிட்டாகப் பிரித்துப் பாருங்கள் தம்பி, லாஜிக்கும் கிராஃபும் முதலில் முடியுங்கள், குரூப் தியரியில் தேற்றங்களை எழுதி எழுதிப் பழகுங்கள். ஐந்தாவது செமஸ்டரில் கணக்கு பேப்பரே இல்லை, அதனால் கணக்குக்கு ஒதுக்கும் நேரம் முழுக்க இதற்குத்தான்.

செம்பருத்தி

கட்டம் போட்ட தாளை அப்பாவிடமும் ஒருமுறை காட்டுங்கள். எந்த மாதம் எந்தத் தேர்வு, எப்போது கேம்பஸ், குரூப் 4 எங்கே வருகிறது என்று அவருக்கும் தெரிந்தால் அடுத்த இரண்டு வருடம் தினமும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். ஒரு நகலை அட்வைசரிடமும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பொருநைக்கரை

சரி அக்கா, இன்று இரவே காட்டுகிறேன். திங்கட்கிழமை அட்வைசர் சாரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். கிளவுட் பாடத்துக்கு வகுப்பில் பெயர் சேர்க்க ஆரம்பித்துவிட்டோம், துறைத்தலைவர் என்ன சொல்கிறார் என்று இங்கே வந்து எழுதுகிறேன்.